குளிர்காலக் கடலுக்குக் கூட்டத்தோடு கிளம்பும் முன்

குளிர்கால விடுமுறைக்குக் குளிர்நாட்டுக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போகலாம் என்றால் எங்கள் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி, "தண்ணியில இறங்க முடியாது, அங்க போய் என்ன பண்றது?" என்பதுதான். நடக்கலாம், சிப்பி பொறுக்கலாம், பறவை பார்க்கலாம், உள்ளே வந்து சூடாக எதையாவது குடித்துவிட்டு மறுபடி போகலாம். கோடையில் துண்டை விரித்துப் பகல் முழுக்கக் கிடக்கிற கடற்கரை வேறு. இது வெளியே முக்கால் மணி, உள்ளே ஒரு மணி என்று மாறி மாறிப் போகிற கடற்கரை. இந்தக் கணக்கில் திட்டம் போட்டால் எழுபது வயதுக்காரரும் ஏழு வயதுப் பிள்ளையும் ஒன்றாகப் போய்வரலாம். பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துப் போட்டால் இரண்டாம் நாளே ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் நான் முதலில் பார்ப்பது அறையை. கடற்கரையிலிருந்து பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். வண்டி எடுத்துத்தான் போகவேண்டும் என்றால் "இவ்வளவு தூரம் வந்தாச்சே" என்று எல்லோரும் தேவைக்கு மேல் வெளியே நின்று விறைத்துப்போவார்கள். கடல் தெரியும் ஜன்னலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது கோடையில் வீண்செலவு என்பேன். குளிர்காலத்தில் அப்படிச் சொல்லமாட்டேன். முட்டிவலிக்கார அத்தை எங்களைவிட அதிகமாகக் கடலைப் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான். பணம் கட்டுமுன் போனில் மூன்று விஷயம் கேட்டுவிடுங்கள்: அறையைச் சூடாக்க என்ன ஏற்பாடு, அதற்குத் தனிக் கட்டணமா, பக்கத்து உணவகங்களில் இந்த மாதம் எது திறந்திருக்கும், எந்தக் கிழமை மூடுவார்கள், படகு, அருங்காட்சியகம் மாதிரியானவை ஓடுகின்றனவா. சீசன் முடிந்த ஊரில் இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். பாதி இடங்களில் கோடைக்கால நேரத்தை மாற்றாமலே விட்டிருப்பார்கள்.

அடுத்தது வெளிச்சம். 50 டிகிரி அட்சரேகைப் பக்கம் (இங்கிலாந்தின் தென்கரை மாதிரி) குளிர்கால நடுவில் பகல் எட்டு மணி நேரம்தான். அதில் காலைச் சாப்பாடு, குழந்தைகளுக்கு உடை மாட்டுவது, மறந்த கையுறைக்காகத் திரும்பி ஓடுவது எல்லாம் போக மிஞ்சுவது இரண்டு நல்ல நடை. ஒரு லாபம் உண்டு. சூரிய உதயம் பார்க்க ஐந்து மணிக்கு யாரையும் உலுக்கி எழுப்ப வேண்டாம். அங்கெல்லாம் எட்டு மணிக்குத்தான் விடியும். (தென்கோளத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் ஜூன், ஜூலைக்கு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

அந்த இரண்டு நடைகளையும் எப்போது வைப்பது என்பதைக் கடல்தான் சொல்லும். பெரும்பாலான கரைகளில் கடல் ஏறும், வற்றும், மறுபடி ஏறும்; ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் கடல் ஏறும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றுப் பத்து மணிக்கு அகலமாகக் கிடந்த மணல் இன்று பத்து மணிக்கு அதே அகலத்தில் இருக்காது. அந்த ஊருக்கான ஏற்ற வற்ற அட்டவணையை இறக்கி, கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் கிளம்பினால் போகும்போதும் வரும்போதும் மணல் உங்களுக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். சிப்பி தேடுகிறவர்களுக்கு அவை நல்ல நாட்கள்; பாறைச் சுவரின் அடியில் நடக்கிறவர்களுக்கு ஆபத்தான நாட்கள். மத்தியதரைக்கடல், வட ஐரோப்பாவின் பால்டிக் கடல் போன்றவற்றில் ஏற்ற வற்றம் பெரும்பாலும் மிகக் குறைவு. அங்கே காற்றைப் பார்த்தால் போதும்.

அட்டவணை நிலா, சூரியன் கணக்கில் போட்டது. புயல் அதற்குத் தெரியாது. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். கரையை நோக்கி வீசும் காற்று அதற்கு மேலும் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வரும். அதனால் இறங்குமுன் மணலைப் பாருங்கள். கடல்பாசியும் குச்சியும் குப்பையும் ஒரு கோடாக ஒதுங்கியிருக்கும். கடைசி ஏற்றம் தொட்ட இடம் அது. அந்தக் கோடு பாறைச் சுவரின் அடியையே தொட்டுக்கொண்டிருந்தால், கடல் ஏறும்போது அங்கே நிற்க இடம் இருக்காது. வேறு பக்கம் போங்கள்.

அலைகளையும் மேட்டில் நின்று இருபது நிமிடமாவது பார்த்துவிட்டுத்தான் நான் பிள்ளைகளை இறக்குவேன். அமைதியாக வந்துகொண்டிருக்கும் அலைகளுக்கு நடுவே திடீரென்று ஒன்று வெகுதூரம் மேலே ஏறிவரும். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கரை இதற்கே பேர்போனது. அப்படி வந்த அலைகள் அங்கே உயிர்களையும் கொண்டுபோயிருக்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழுப்படம் எடுப்பது எங்கள் கூட்டத்தில் தடை. கரையொதுங்கிய பெரிய மரக்கட்டைமேல் பிள்ளைகளை ஏற்றி உட்காரவைப்பதும் தடை. கணுக்கால் அளவுத் தண்ணீர் வந்தாலே அந்தக் கட்டை மிதந்து புரண்டுவிடும்.

உடையில் எல்லோரும் தடிமனைப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியது காற்றைத் தடுக்கிறதா என்பதை. வெப்பநிலை 5 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் உடம்புக்குத் தெரிவது 0 டிகிரி. மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, மேலே காற்றுப் புகாத ஒன்று. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. ஆளுக்கு ஒரு ஜோடி மாற்றுக் காலுறை, ஈரத்தைச் சுருட்டிப் போட ஒரு பை. பிள்ளைகளிடம் "குளிருதா?" என்று கேட்டுப் பயனில்லை, விளையாட்டு நின்றுவிடுமே என்று இல்லை என்பார்கள். பின்னங்கழுத்தில் கையை வைத்துப் பாருங்கள். அங்கே சில்லென்றிருந்தால் அன்றைய நடை முடிந்தது.

கண்ணாடி போட்டவர்கள் கவனிக்க: கடல்காற்றில் கால் மணி நின்றாலே கண்ணாடியில் புகை படிந்த மாதிரி உப்பு படியும். சட்டை நுனியால் துடைத்தால் உப்பும் பொடிமணலும் சேர்ந்து கோடு போட்டுவிடும். குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு ஒற்றி எடுங்கள். கேமரா லென்ஸையும் வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள்.

போகும்போது எதிர்காற்றில் நடங்கள், வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் களைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முகத்தில் மணல் அறைய அறைய வரவேண்டியிருக்கும். எல்லோரும் ஒன்றாகவே போகவேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். வேகமாக நடப்பவர்கள் ஒரு பக்கம், நின்று நிதானமாகப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், அறையிலேயே இருப்பவர்கள் ஒரு பக்கம். திரும்பிக் கூடும் நேரம் மட்டும் பொது. "அத்தை, நீங்க ஜன்னல்கிட்ட இருங்க, மூணு மணிக்கு வந்துடறோம்" என்றால், "போயிட்டு வாங்க, நான் இங்கேருந்தே பார்த்துக்கறேன்" என்பார். அப்படியே பார்த்துக்கொண்டும் இருப்பார், யார் தொப்பி இல்லாமல் போனது என்பது வரைக்கும்.

குளிர்காலக் கரையில் பொறுக்குவதற்கு நிறைய கிடைக்கும். உயரமான அலைகள் மணலை அரித்துக் கடலுக்குள் கொண்டுபோய்த் திட்டாகக் குவிப்பதால் கரை குறுகி, அடியில் கிடந்த கூழாங்கல்லும் சிப்பியும் வெளியே தெரியும். கோடையில் சிறு அலைகள் அந்த மணலைத் திருப்பிக் கொண்டுவந்து மூடிவிடும். புயலுக்கு மறுநாள் காலை பால்டிக் கரையில் ஆம்பர் தேடி ஆட்கள் குனிந்தபடி நடப்பார்கள். ஆம்பர் என்பது பழங்கால மரப்பிசின் இறுகியது. கல்லைவிட மிக லேசு, அதனால்தான் பாசியோடு சேர்ந்து ஒதுங்குகிறது. ஆனால் ஜெர்மனியின் உசெடோம் தீவுப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகளிலிருந்து வந்த வெள்ளைப் பாஸ்பரஸ் துண்டுகளும் பார்க்க அதே மாதிரி கிடக்கும். ஈரமாக இருக்கும்வரை சும்மா இருக்கும். பாக்கெட்டில் உடம்புச் சூட்டில் காய்ந்தால் தீப்பற்றிக்கொள்ளும். எந்தக் கரையானாலும், என்னவென்று தெரியாததைப் பாக்கெட்டில் போடாதீர்கள், ஒரு தகர டப்பா கொண்டுபோங்கள். சிப்பிக்குள் உயிர் இருந்தால் இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, எல்லாக் கூட்டத்திலும் இருக்கும் அந்த ஒரு ஆள்: "சும்மா ஒரு முங்கு போட்டுட்டு வரேன்." தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் உடம்பு தானாகவே மூச்சை உள்ளே இழுக்கும், நாம் அடக்க முடியாது. அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. நன்றாக நீந்துகிறவர்களுக்கும் இதேதான். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பேச்சையே எடுக்கக்கூடாது. மற்றவர்கள் இறங்கியே தீருவேன் என்றால் மது அருந்தாமல், குதிக்காமல், மெல்ல நடந்து, கழுத்துக்கு மேல் நனையாமல், கரையில் துண்டோடு ஒருவர் நிற்கும்போது, ஒன்றிரண்டு நிமிடம். வெளியே வந்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டேதான் போகும். உடனே துடைத்து உடை மாற்ற வேண்டும். வசந்தம் வந்துவிட்டது என்று மார்ச்சில் இறங்காதீர்கள். கடல் மெதுவாகத்தான் குளிரும். வடக்கே அது மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில். தவறி விழுந்தவர் கைகாலை உதறாமல் மல்லாந்து மிதந்தபடி மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் போல ஆகும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்காமல் மிதக்கக்கூடிய எதையாவது வீசிவிட்டு அவசர உதவிக்குக் கூப்பிட வேண்டும்.

திரும்பியதும் காலணியை அப்படியே மூலையில் போடாதீர்கள். நல்ல தண்ணீரில் உப்பை அலசிவிட்டு உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி கழித்து வேறு தாள் மாற்றுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் காலணியின் தோல் வெடித்துவிடும்.