வாரம் ஒரு ஊசி: குமட்டலை எப்படிச் சமாளித்தேன்

சர்க்கரை நோய்க்கும் உடல் எடையைக் குறைக்கவும் வாரம் ஒருமுறை போடுகிற செமாக்ளுடைட் ஊசி 0.25 மில்லிகிராமில் இருந்தவரை எனக்குத் தொந்தரவே இல்லை. 0.5-க்கு ஏற்றியதும் குமட்டல் பிடித்துக்கொண்டது, ஊசி போட்ட மறுநாள் தாளிக்கிற வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டும், ராத்திரி சாப்பிட்டது காலையிலும் நெஞ்சிலேயே நிற்கிற மாதிரி ஏப்பம் வேறு. இரைப்பை காலியாவதை இந்த மருந்து மெதுவாக்குகிறது, பசி அடங்குவதற்கும் குமட்டலுக்கும் அது ஒரு காரணம் என்றார் டாக்டர்.

அளவை உடனே ஏற்ற வேண்டாம், இதிலேயே இன்னும் சில வாரம் இருங்கள் என்று அவர் சொன்னது பெரிய நிம்மதி. ஊசி நாளைப் புதனிலிருந்து வெள்ளிக்கு மாற்றினேன் (இரண்டு ஊசிக்கு நடுவே குறைந்தது 48 மணி நேரம் இருந்தால் மாற்றலாம்). அப்புறம் சாப்பாடு. பூரி, வடை, பரோட்டா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ராத்திரி ஏழு மணிக்கே இரண்டு இட்லி, கொஞ்சம் சாம்பார், வயிறு போதும் என்றதும் தட்டை நகர்த்திவிடுவேன். குமட்டல் நிஜமாகவே குறைந்தது இதில்தான்.

மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, இசப்கோல். எடை குறையும்போது தசையும் கரையக்கூடாது என்பதால் முட்டையும் சுண்டலும் தினமும் உண்டு.

தயவுசெய்து தெரிந்தவர் சொன்னார் என்று வாங்கிப் போடாதீர்கள். உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்காவதோ மெடுல்லரி என்கிற வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து கூடாது. மேல்வயிற்றில் கடுமையான வலி வந்து முதுகுக்குப் பரவினால் கணையச் சிக்கலாக இருக்கலாம், அடுத்த ஊசியைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.