ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

ஏற்காட்டுக் குளிரில் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு கிரேக்க வீரன் ஒடிசியஸின் கதையைச் சொல்ல விரும்புவோர், ஹோமரின் ‘ஒடிசி’ காவியத்தின் 24 காண்டங்களையும் வரிசையாகச் சொல்ல முனையாமல், உறங்கும் வீரனைக் கடலோடிகளான ஃபேயாசியர்கள் அவனுடைய சொந்தத் தீவான இதாக்காவின் கரையில் இறக்கிவிட்டுச் செல்லும் 13ஆம் காண்டத்தில் தொடங்குவது நல்லது. 10 ஆண்டு ட்ராய் போருக்கும் 10 ஆண்டு அலைச்சலுக்கும் இரண்டு வாக்கியங்கள் போதும்.

கண்விழித்தவன், பெண்தெய்வம் அதீனா பரப்பிய மூடுபனியால் சொந்த மண்ணையே அறியாமல் கலங்குகிறான். ஏரி பனியில் மறைவதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சற்று நேரம் மௌனமாக இருங்கள்.

பிச்சைக்காரன் வேடத்தில் வந்தவனை யார், எதனால் அடையாளம் கண்டார்கள் என்பதையே கதையின் சரடாகப் பிடித்துக்கொள்ளுங்கள். குப்பைமேட்டில் கிடக்கும் கிழநாய் ஆர்கோஸ், எசமானனை உணர்ந்து வாலை ஆட்டிவிட்டு உயிர்விடுகிறது. அவனோ கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொள்கிறான். காவியத்திலேயே என்னை மிகவும் உலுக்கும் இடம் இது என்பதால், இதை அவசரப்படுத்த வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். கால் கழுவும்போது செவிலி யூரிக்ளியா தழும்பைக் காண்பதும், வேர்விட்ட ஒலிவ மரத்தில் செய்த கட்டிலின் இரகசியத்தால் பெனெலோபி கணவனைத் தெளிவதும் அடுத்து வரட்டும்.

பெனெலோபியை மணக்க வீட்டில் குழுமியிருந்தவர்களை ஒடிசியஸ் கொல்லும், இடையே நிகழும் படுகொலையைச் சுருக்கிவிடலாம். இறுதியில், சிறுவயதில் தந்தை லேயர்ட்டீஸ் தனக்கென்று தந்த மரங்களை ஒடிசியஸ் எண்ணிச் சொல்வதை நிதானமாகக் கூறுங்கள்: 13 பேரி, 10 ஆப்பிள், 40 அத்தி. பேரிக்காய் மரம் இந்த மலைப்பிள்ளைகளுக்கு வீட்டு மரமே.