புது ஆளிடம் ‘இன்றோடு நிறுத்து’ என்று சொல்லும் முன்

ராமேஸ்வரம் தீவிலிருந்து தொண்டி வரையுள்ள கரையூர்களில் குடிநோயிலிருந்து மீள்பவர்களுக்காகப் புதிதாகக் கூட்டம் நடத்த வருபவர்கள், பழைய குழுக்கள் செய்து அடிபட்ட பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். நாற்காலி பற்றாதது, நேரத்துக்குத் தொடங்காதது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். ஆளுக்கே ஆபத்தாகிறவை மட்டும் இங்கே.

கைதட்டி அனுப்பிவைப்பது

ஞாயிறு மாலைக் கூட்டம். இருபது வருஷமாகத் தினமும் குடித்தவர் எழுந்து, “நேத்து ராத்திரி குடிச்சதுதான் கடைசி, இனிமே தொட மாட்டேன்” என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவர் கை நடுங்குகிறது. முதல் கூட்டம், கூச்சம் என்று நினைத்து யாரோ டீ கொடுக்கிறார். திங்கள் காலை அவர் விசைப்படகில் ஏறிவிடுகிறார். மறுநாள்தான் கரை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசிக் குடி சனி இரவு 10 மணிக்கு. நடுக்கமும் வியர்வையும் 6 மணி நேரத்திலேயே தொடங்கலாம். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். திங்கள் காலை 10 மணிக்கு 36 மணி நேரம் ஆகிறது. ஆள் நடுக்கடலில் வலையோடு நிற்கிறார். வலிப்பு வராமல் தப்பினாலும் 2 முதல் 4 நாளுக்குள் ஜன்னி வரலாம். இல்லாத ஆளோடு பேசுவார், பயந்து எழுந்து ஓடுவார். படகில் ஓடினால் எங்கே போய் விழுவார்?

தினமும் ஊற்றும் மது மூளையை அமுக்குகிறது. மூளையும் எதிர்த்துத் தள்ளிப் பழகிவிடுகிறது. மதுவைச் சட்டென்று எடுத்ததும் அந்தத் தள்ளல் மட்டும் மிஞ்சிக் கட்டுக்கடங்காமல் போகிறது. “மனசு வச்சா முடியும்” என்று புது ஆளிடம் சொல்வதைக் கேட்டால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தனக்கு லேசான நடுக்கத்தோடு போனதை எல்லோருக்கும் விதியாக்குகிற பேச்சு அது.

கூட்டம் தொடங்கும் முன் தனியே அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார்? தினமும் எவ்வளவு, காலையில் நடுக்கம் அடங்க ஒரு கட்டிங் தேவைப்படுகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? மூன்றாவதற்கு ‘ஆமாம்’ என்றால் அன்றிரவே மருத்துவமனைதான். காலை நடுக்கம் மட்டும் இருந்தாலும், நிறுத்துவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டு நடுங்குகிறார் என்றால் அவரையும் அன்றே அழைத்துப் போங்கள்.

ஒருவர் கூடவே போக வேண்டும். வெட்கப்பட்டு ‘வயித்து வலி’ என்று சீட்டு போட்டால் சிகிச்சை வேறு பக்கம் போய்விடும். தினமும் குடிப்பவர், இன்ன நேரத்தில் நிறுத்தினார் என்று சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் எனும் வைட்டமின் பி1 கொடுத்தார்களா என்று கேளுங்கள்; அது குறைந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். உடம்பு சரியில்லை, ஒரு வாரம் தொழிலுக்கு வர மாட்டார் என்று சம்மாட்டியிடம், அதாவது படகு உரிமையாளரிடம், சொல்லிவிடுங்கள். குடிப் பேச்சை அங்கே எடுக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் பிறந்து கையில் காசில்லாமல் குடி நின்றுபோகிறவருக்கும், குடியை விடுவதாகக் கோவிலில் கயிறு கட்டிக்கொண்டவருக்கும், கார்த்திகையில் மாலை போட்டவருக்கும் இதே கணக்குதான். அந்த வாரங்களில் கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்.

கூட்டத்திலேயே வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். வலிப்பு தானாக நின்றாலும் ஆம்புலன்ஸை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

சோற்றில் மாத்திரை

கணவருக்குத் தெரியாமல், குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரையைக் குழம்பில் கலக்கச் சொல்லும் மூத்த உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதைச் சாப்பிட்டது தெரியாமல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த வினை நடக்கும். மருத்துவர் எழுதி, அவரே சம்மதித்து விழுங்கினால் மட்டுமே சரி.

படகுப் பெயர்

குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்பவர்களுக்காக 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பில் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பெருநகரத்தில் அது போதும். இங்கே படகின் பெயரையோ மாமனார் ஊரையோ சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பகிரும்போது படகு, தெரு, உறவுமுறை மூன்றையும் விடச் சொல்லுங்கள். தன் படகு ஆளோ சம்பந்தியோ எதிரே உட்கார்ந்திருந்தால் புதியவர் வாய் திறக்க மாட்டார். பக்கத்து ஊர்க் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

புதிதாக வரும் பெண்

ஸ்பான்சர், அதாவது புதியவருக்குத் துணை நின்று வழிகாட்டும் பழைய உறுப்பினர், இன்னொரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். புதிதாக வந்த பெண்ணின் போன் நம்பர் ஆண்கள் கைக்குப் போகக் கூடாது.

வாட்ஸாப்

போட்டோ கூடாது. குடியை விட்டு ஒரு வருஷமானதற்கு வெட்டிய கேக்கின் போட்டோவும் கூடாது.

கடன்

உறுப்பினர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் வேண்டாம்.

‘செத்துடலாம்போல இருக்கு’

அடுத்தவர் பேச்சுக்குத் தாவாதீர்கள். வெளியே அழைத்துப் போய் நேராகவே கேளுங்கள்: சாக நினைக்கிறீர்களா, எப்படி என்று யோசித்துவிட்டீர்களா? தனியே விடாமல், பக்கத்தில் இருந்தபடியே அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்கு போன் போடுங்கள்.

குடித்துவிட்டு வருபவர்

துரத்த வேண்டாம். பேச விடாமல் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். வண்டிச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் கூடப் போய் வீட்டு ஆளிடம் ஒப்படைத்துவிட்டே திரும்ப வேண்டும். படகு நிழலில் படுத்துத் தெளியட்டும் என்று கரையில் விட்டுவிட்டு வரக் கூடாது.