வசந்தத் தொடக்கத்தில் மலைப்பாதையில் 200 கிலோமீட்டர்: முதன்முறை போகும் சைக்கிள்காரர்களுக்கு

நீண்ட தூர சைக்கிள் பயணம் என்றதும் புதியவர்கள் பயப்படுவது ஏற்றங்களை நினைத்துத்தான். ஆனால் குளிர்காலம் முடிந்தும் முடியாமலும் இருக்கும் நாட்களில், பாதியிலேயே பலரைத் திரும்ப வைப்பது ஏற்றத்துக்கு அடுத்து வரும் இறக்கம். ஏறும்போது வியர்வையில் நனைந்த சட்டை, இறங்கும்போது ஐஸ் கட்டியாக முதுகில் ஒட்டுகிறது. விரல்கள் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வரவில்லை. கீழே வந்து சேரும்போது நடுக்கம் நிற்காது, சாப்பிடப் பிடிக்காது, அடுத்த மேடு கண்முன் நிற்கும். அதனால் கியர், துணி, சாப்பாடு, வேகம் என்று கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கும்: ஒவ்வொரு மேட்டையும், அதற்கடுத்த இறக்கத்தை மனதில் வைத்து ஏறுங்கள்.

படி 1: எதில் சேருகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பிரெவே வகைப் பயணங்களை. பிரான்சின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி பல நாடுகளில் நடக்கும் இவற்றைச் சுருக்கமாக பி.ஆர்.எம். என்பார்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி நேரம், 400-க்கு 27, 600-க்கு 40. இது பந்தயம் அல்ல. முதலில் வந்தவருக்குக் கோப்பை கிடையாது, கடைசியில் வந்தவருக்கு அவமானமும் கிடையாது. கையில் ஓர் அட்டை தருவார்கள். வழியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களில் அதில் முத்திரை வாங்க வேண்டும். சில இடங்களில் முத்திரைக்குப் பதில், அங்கே நேரில் போனவருக்கு மட்டுமே தெரியக்கூடிய ஒரு கேள்வி அட்டையில் அச்சாகியிருக்கும். பின்னாலேயே கார் வைத்துக்கொண்டு உதவி வாங்க விதி இடம் தராது. பஞ்சர் ஆனாலும் பசித்தாலும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஏன் குளிரோடு குளிராக நடத்துகிறார்கள் என்று கேட்கலாம். வடக்கு நாடுகளில் 200-இல் தொடங்கி 300, 400, 600 என்று ஒரே பருவத்துக்குள் ஏறிப்போவதுதான் வழக்கம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்டில் நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குத் தகுதி பெற, அதே ஆண்டில் இந்த நான்கையும் முடித்திருக்க வேண்டும். கோடைக்குள் 600 முடியவேண்டுமென்றால் 200-ஐ மார்ச்சிலாவது ஆரம்பித்தாக வேண்டும்.

படி 2: வழியைத் தாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

தூரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். மொத்த ஏற்றம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர் என்றால் கொஞ்சம் உழைப்பு, 1,500 என்றால் நல்ல உழைப்பு, 2,000 என்றால் முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

அப்புறம் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மலையில் 8 கிலோமீட்டர் ஏற்றம், 8 கிலோமீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறினால் ஒரு மணி நேரம். 40-இல் இறங்கினால் 12 நிமிடம். மொத்தம் 72 நிமிடத்தில் 16 கிலோமீட்டர், அதாவது சராசரி 13-க்குக் கொஞ்சம் மேல். பிரெவேவுக்குத் தேவையான சராசரியோ ஏறத்தாழ 15. இறக்கத்தில் பறந்தாலும் ஏற்றத்தில் போன நேரம் திரும்பி வராது. 40-ஐ 60 ஆக்கினால்கூட மிச்சமாவது நான்கே நிமிடம்தான், அந்த நான்கு நிமிடத்துக்காக ஈரமான வளைவில் விழுந்தால் பயணமே போச்சு. நேரத்தைச் சேர்க்க வேண்டிய இடங்கள் சமதரையும் நிறுத்தங்களும்தான்.

ஒவ்வொரு நிலையமும் எப்போது மூடும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 100-ஆவது கிலோமீட்டரில் உள்ள நிலையம், கிளம்பிய 6 மணி 40 நிமிடத்தில் மூடும். இந்த நேரங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹேண்டிலில் ஒட்டிவிட்டால், களைத்த மூளைக்கு வழியில் கணக்குப் போடும் வேலை மிச்சம்.

படி 3: சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

காசு செலவழிக்க ஆசையாக இருந்தால் எடை குறைந்த சக்கரத்தில் போடாதீர்கள், பின் கியரில் போடுங்கள். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ இருக்கும் ஒருவர் ஒரு கிலோவைக் குறைத்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது 45 நொடி அளவுதான். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டரில் ஏறும்போது நிமிடத்துக்கு 63 சுற்று வரும். பின்னால் 28 பல்தான் பெரியது என்றால் அதே வேகத்தில் 52 சுற்றாகிவிடும். மூட்டுக்கு அந்த வித்தியாசம் 150-ஆவது கிலோமீட்டரில் தெரியும். பெரிய கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போடும் முன், செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் உங்கள் பின் டிரெய்லியர் அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

டயர் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சட்டகத்தில் இடமிருந்தால் 32. குளிர்காலம் சாலையில் விட்டுப்போகும் மிச்சங்கள் நிறைய: கூர்மையான பொடிக்கல், உறைபனி பிளந்த குழி, ஓரத்து வேலியை வெட்டிப்போட்ட முள். தேய்ந்த டயரோடு போவது பஞ்சரை விருந்துக்கு அழைப்பதுதான். பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஈரமும் மணலும் சேர்ந்தால் ஒரே நாளில் கட்டை கரைந்துபோகும். கட்டை சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால், நனைந்த ரிம்மைக் கட்டை முதலில் துடைத்த பிறகே பிரேக் பிடிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மட்கார்டு போடுங்கள். அழகைக் கெடுக்கிறது என்று சிலர் கழற்றி வைப்பார்கள், எனக்கு இதில் சமரசமே இல்லை. பின்சக்கரம் வாரி இறைக்கும் உருகிய பனித்தண்ணீர் முதுகையும் பாதத்தையும் நனைத்துவிட்டால், மேலே நீங்கள் எத்தனை அடுக்கு போட்டிருந்தாலும் பயனில்லை.

முன்விளக்கு, பின்விளக்கு இரண்டும் கட்டாயம் வேண்டும். மார்ச் 20 வாக்கில் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், உங்களுக்கு இருப்பதோ பதின்மூன்றரை. விடியும் முன் கிளம்புவீர்கள், அல்லது இருட்டிய பின் வந்து சேருவீர்கள். இருட்டுக்கு ஒளி தெறிக்கும் மேலாடையும் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் கைப்பேசியையும் பவர் பேங்கையும் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். டியூப் இரண்டு, பம்ப், டயர் லிவர், மல்டிடூல், செயின் இணைப்பு ஒன்று ஆகியவை சீட்டுக்குக் கீழே பையில் இருந்தால் போதும்.

படி 4: கால்களைப் பழக்குங்கள்

இதற்குப் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நிகழ்வுக்கு எட்டிலிருந்து பத்து வாரம் முன்னால் ஆரம்பித்து, வாரத்தில் ஒரு நீண்ட ஓட்டம், இரண்டு சிறிய ஓட்டங்கள். நீண்ட ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது 120 கிலோமீட்டரைத் தொட்டால் போதும். அருகில் மலை இல்லாவிட்டால் எதிர்காற்றில் கனமான கியரில் மிதியுங்கள். கடைசி வாரம் ஓய்வு. சீட் உயரம், ஷூ, பெடல் எதையும் அந்த வாரத்தில் மாற்றாதீர்கள்.

ஒரு ஓட்டத்தையாவது வேண்டுமென்றே மோசமான வானிலையில் ஓட்டுங்கள். எந்தக் கையுறையோடு கியர் மாற்ற வருகிறது, எந்த மழைக்கோட்டின் ஜிப்பை ஒற்றைக் கையால் இழுக்க முடிகிறது என்பது வீட்டில் உட்கார்ந்து தெரியாது.

படி 5: துணியை அடுக்கடுக்காக யோசியுங்கள்

பள்ளத்தாக்கில் 8 டிகிரி என்றால், 800 மீட்டர் மேலே ஏறியதும் 3 டிகிரி பக்கம் வந்துவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் 6.5 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. அந்த 3 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால், தோலுக்கு அது மைனஸ் 3 போலப் படும். ஏறும்போது அதே உடம்பு அடுப்பாகக் கொதிக்கும். ஒரே தடித்த ஜாக்கெட் இரண்டுக்கும் உதவாது.

உள்ளே வியர்வையை வெளியே கடத்தும் மெல்லிய பனியன், பருத்தி வேண்டவே வேண்டாம். அதன் மேல் முழுக்கை ஜெர்சி. பைக்குள் சுருட்டி வைக்கக்கூடிய கையில்லாத காற்றுத்தடுப்பு ஒன்று, மழைக்கோட்டு ஒன்று. முழங்காலை மூடியே வையுங்கள், 15 டிகிரிக்குக் கீழே வெறும் முழங்காலோடு ஓட்டுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. முழுவிரல் கையுறை, ஷூ மேல் உறை, ஹெல்மெட்டுக்குள் மெல்லிய தொப்பி, கழுத்துக்கு ஒரு துணிக்குழாய். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். இதமாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம் என்று அர்த்தம்.

இரண்டாவது ஜோடி கையுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றுமே இல்லை. உச்சியில் ஈரக் கையுறையைக் கழற்றி உலர்ந்ததை மாட்டும் சுகம் தனி.

படி 6: ஏறுவது, நிற்பது, இறங்குவது

முதல் ஒரு மணி நேரம் எல்லாரும் வேகமாகப் போவார்கள். விடுங்கள். கூட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஆசையில் முதல் மேட்டிலேயே மூச்சிரைத்தால், அதற்கான வட்டியை மதியத்துக்கு மேல் கட்ட வேண்டிவரும்.

மேடு தொடங்குவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுங்கள், காற்றுத்தடுப்பைக் கழற்றிவிடுங்கள். வியர்த்த பிறகு கழற்றிப் பயனில்லை. மேடு செங்குத்தாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே லேசான கியருக்கு மாறுங்கள், அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் தடுமாறும். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுதான் உங்கள் வேகம். பேச்சு துண்டு துண்டானால் குறையுங்கள். கால்வலிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, மெதுவாக ஏறுபவர் குறைவாக வியர்க்கிறார், குறைவாக வியர்த்தவர் இறக்கத்தில் விறைப்பதில்லை. மிகச் செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளினாலும் குற்றமில்லை, எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், உடம்பு இன்னும் சூடாக இருக்கும்போதே நின்று, ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுங்கள். ஒரு வாய் ஏதாவது சாப்பிடுங்கள். குளிர ஆரம்பித்த பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினால் நடுவழியில் நிற்க இடமும் இருக்காது, விரலும் ஒத்துழைக்காது.

இறக்கத்தில் கைகள் ஹேண்டிலின் கீழ்வளைவில் இருக்கட்டும், அங்கிருந்துதான் பிரேக் முழுப் பலத்தோடு பிடிபடும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள், வளைவுக்குள் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கக் காலைக் கீழே இறக்கி அதன்மேல் எடையை வையுங்கள். கண் அடுத்து போகவேண்டிய இடத்தைப் பார்க்கட்டும், பயப்படும் குழியையே பார்த்தால் சைக்கிள் அங்கேதான் போகும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி விட்டு, அழுத்தி விட்டு இறங்குங்கள்.

வெயில் படாத வளைவுகளில் கூடுதல் கவனம் வேண்டும். பகலில் உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர் இரவில் உறைந்து, காலை பத்து மணிக்கும் கண்ணாடி போலக் கிடக்கலாம். மரநிழலும் பாலங்களும் அப்படித்தான். அதன்மேல் ஏறிவிட்டது தெரிந்தால் பிரேக்கையும் திருப்பத்தையும் மறந்து நேராக உருளவிடுங்கள்.

படி 7: சாப்பாடும் நிறுத்தங்களும்

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு வையுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கும். பசிக்கும்வரை காத்திருந்தால் தாமதமாகிவிடும், அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருங்கள். இனிப்பு திகட்டிவிடும் என்பதால் உப்பும் காரமுமாக ஏதாவது வேண்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் நீரிழப்பு நிற்பதில்லை. மணிக்கு அரை லிட்டர் குடிக்கப் பாருங்கள்.

நிறுத்தங்கள்தான் நேரத்தைத் தின்பவை. ஓடும் நேரத்தில் சராசரி 18 கிலோமீட்டர் போனால் 200 முடிய 11 மணி 7 நிமிடம். மீதி இருப்பது இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பஞ்சர் ஒட்டுவதும் அதற்குள்தான். நிலையத்தில் முதலில் முத்திரை, அடுத்து தண்ணீர், அப்புறம் சாப்பாடு, இந்த வரிசை மாறவேண்டாம். சூடான கடையில் சாய்ந்து உட்கார்ந்து அரைமணி போனால், ஈரத்துணியோடு வெளியே வரும்போது குளிர் இரட்டிப்பாகும்.

படி 8: கடைசி 50, அல்லது அதற்கு முன்பே திரும்புவது

அந்தி விழுந்ததும் வெப்பம் வேகமாக இறங்கும். முழு இருட்டுக்குக் காத்திராமல் விளக்கைப் போடுங்கள், மிச்சமிருக்கும் அடுக்குகளையும் போட்டுக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் வேகத்தில் வந்தால் சேர்ந்து ஓட்டுங்கள்.

நடுக்கம் அடங்காமல், பேச்சு குழறி, சின்னக் கணக்குகூடப் புரியாமல் போனால் அது வெறும் களைப்பு அல்ல, உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. உடனே கூரையுள்ள இடத்துக்குள் போய், ஈரத்தை மாற்றி, சூடாக ஏதாவது குடியுங்கள். குழறல் தெளியாவிட்டால் அவசர உதவியை அழையுங்கள். தெளிந்தாலும் அன்றைக்குச் சைக்கிள் அவ்வளவுதான். அமைப்பாளருக்கு ஒரு தகவல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் இருட்டில் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

முடித்துவிட்டீர்களா? அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், உலர்ந்த சட்டைக்கு மாறுங்கள். வீட்டுக்குப் போனதும் குளியலுக்கு முன்னால் சைக்கிள் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். பனி உருகச் சாலையில் தூவிய உப்பு செயினை ஒரே இரவில் துரு ஏற்றிவிடும். எண்ணெய் மறுநாள் காலையில் போட்டுக்கொள்ளலாம்.