ஞானஸ்நானம் எடுத்தாச்சு, பழைய பாட்டையெல்லாம் என்ன பண்றது?

ரங்கூன்ல எங்க சபைக்கு வர்ற பிள்ளைங்க ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வாரம்கூட ஆகியிருக்காது, ஆராதனை முடிஞ்சு டீ குடிக்கிற எடத்துல மெதுவா பக்கத்துல வந்து நின்னு கேப்பாங்க, அண்ணே போன்ல இருக்குற பாட்டையெல்லாம் அழிச்சிடணுமான்னு. இதே கேள்விய 2003ல நானும் கேட்டேன், எனக்கு அப்ப கெடச்ச பதில் தப்பான பதில், அதுனால நான் எழந்தது இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல, அதான் இத கொஞ்சம் விவரமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல செய்ய வேண்டியது, ஒரு மாசத்துக்கு எதையும் அழிக்காதீங்க. எதையும்னா எதையும்தான்.

எனக்கு அப்ப 22 வயசு. வெளியூர்லேர்ந்து ஒரு ஊழியக்காரர் வந்திருந்தாரு, வீட்டுல இருக்குற சினிமா பாட்டு மாதிரி உலகப் பாட்டையெல்லாம் நெருப்புல போட்டாதான் முழு மனசா வந்ததா அர்த்தம்னு கூட்டத்துல சொன்னாரு. நான் அன்னைக்கு ராத்திரியே ரங்கூன் தாம்வே பகுதியில இருந்த எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு எண்ணெ டின்னுல கேசட்டெல்லாம் கொட்டி கொளுத்திட்டேன், எழுபது எம்பது கேசட் இருக்கும், எல்லாம் எங்க அப்பா சேத்து வச்சது. பிளாஸ்டிக் உருகி கருப்பா வழிஞ்சுது, நாத்தம் மூணு நாள் போகல. அம்மா ஒண்ணும் சொல்லாம வாசப்படியில நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சுதான் சொன்னாங்க, அதுல ஒரு சினிமா பாட்டு கேசட்டோட ரெண்டாவது பக்கம் கடைசியில அப்பா பாடுனது பதிஞ்சிருந்துச்சாம், எங்க சித்தி கல்யாணத்துல அடுப்பங்கரையில உக்காந்து பாடுனது. அப்பா போயி அப்ப அஞ்சு வருஷம் ஆகுது. அந்தக் குரல் வேற எங்கயும் இல்ல.

கொளுத்தச் சொல்றவங்க பைபிள்ல அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தத்தான் காட்டுவாங்க, எபேசு பட்டணத்துல புஸ்தகத்தையெல்லாம் எரிச்சாங்களேன்னு. நல்லா படிச்சுப் பாருங்க, அங்க எரிச்சது மாயவித்த புஸ்தகம், அம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறும், அத எரிச்சவங்க அந்த மாயவித்தய தொழிலா செஞ்சிட்டிருந்தவங்க, அவங்களே மனசார கொண்டாந்து போட்டாங்க. அப்பாவோட கேசட்டு மாயவித்த இல்ல. இத அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லல.

சரி, அந்த ஒரு மாசம் என்ன பண்றதுன்னா, கையில ஒரு சின்ன நோட்டு வச்சுக்கோங்க, இல்ல போன்லயே எழுதுங்க. எந்தப் பாட்டு, எத்தன மணிக்கு கேட்டேன், பாட்டு முடிஞ்சதும் மனசு எங்க போச்சு, இந்த மூணே போதும். மூணாவதுதான் முக்கியம். ஒரே பாட்டு காலையில ஊரச் சுத்தி வர்ற சுத்து ரயில்ல கேட்டா ஒண்ணும் பண்ணாது, ராத்திரி பதினோரு மணிக்கு தனியா படுத்துக்கிட்டு கேட்டா விட்டுட்டு வந்த பழைய ஆளு, பழைய குடி, பழைய கோவம் எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துடும். எனக்கு அப்படி நாலு பாட்டு இருந்துச்சு, நாலும் சோகப்பாட்டு, கெட்ட வார்த்த ஒண்ணுகூட கெடையாது, ஆனா அதக் கேட்டுக்கிட்டுதான் நான் குடிச்சேன், அதுனால எனக்கு அந்த நாலும் வேண்டாம். உங்களுக்கு அது வெறும் பாட்டா இருக்கலாம். எல்லாத்தையும் அனுபவிக்க அதிகாரம் உண்டு ஆனா எதுக்கும் அடிமையாக மாட்டேன்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதுறாரே, அத பாட்டுக்கு வச்சுப் பாருங்க, பதில் ஆளுக்கு ஆள் மாறும், அதுனாலதான் நான் யாருக்கும் லிஸ்ட் போட்டு குடுக்குறதில்ல.

இன்னொண்ணு, மெட்ட விட்டுட்டு வரிய மட்டும் பேசுற மாதிரி வாய்விட்டு சொல்லிப் பாருங்க. சில பாட்டு மெட்டு இருக்குற வரைக்கும் இனிப்பா இருக்கும், வெறும் வரியா சொன்னா வாய் கூசும். சில பாட்டு, தாலாட்டு, ஏற்றப்பாட்டு, அம்மாவப் பத்தின பாட்டு, இதெல்லாம் சொல்லச் சொல்ல நல்லாத்தான் இருக்கும், அத ஏன் விடணும்? சினிமான்னாலே பாவம்னு சொல்ற போதகருங்க இருக்காங்க, அவங்கள நான் மதிக்கிறேன், ஆனா இந்த விஷயத்துல ஒத்துக்க மாட்டேன்.

இப்ப உள்ளபடி நடக்குற மாத்தத்துக்கு வர்றேன். ரசனை மாறுறதுன்னா பழசு கசந்து புதுசு இனிக்கிறதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, எனக்கு அப்படி நடக்கல, நான் பாத்த முக்காவாசிப் பேருக்கும் நடக்கல. நடந்தது என்னன்னா அது வரைக்கும் நான் பாட்டு கேக்குறவன், சபைக்கு வந்தப்புறம் பாடுறவன் ஆயிட்டேன். அதுக்கு முன்னாடி குளிக்கிறப்ப முணுமுணுத்ததோட சரி. இங்க ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு பாட்டு, புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல மூணு, பக்கத்துல நிக்கிறவர் காதுல விழுற மாதிரி பாடணும். பாடுறவன் காது வேற காது. நீங்களே ஒரு பாட்ட பத்து தடவ பாடிட்டீங்கன்னா, அடுத்தவங்க பாடுறப்ப மூச்சு எங்க எடுக்குறாங்க, எந்த எடத்துல குரல் எறங்குது, எந்த சொல்ல அழுத்துறாங்கன்னு தானா கேக்க ஆரம்பிச்சிடுவீங்க, அதுக்கப்புறம் வெத்து எறைச்சல் பாட்டு தானாவே அலுத்துப் போகும், யாரும் தடை போட வேண்டியதில்ல.

அதுனால சீக்கிரம் பாடக் கத்துக்கோங்க. கீர்த்தனையிலேர்ந்து ஆரம்பிங்க. நம்ம காது உறுமியிலயும் சினிமாவுலயும் வளந்த காது, மொத நாளே பாமாலைங்கிற வெளிநாட்டு மெட்டுப் பாட்டு புஸ்தகத்த எடுத்தா சப்புன்னு இருக்கும், எல்லாரும் புஸ்தகத்த கையில வச்சுக்கிட்டு நேரா நின்னு மெதுவா பாடுவாங்க, எனக்கு பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. பாமாலை நெறைய ஜெர்மனியிலயும் இங்கிலாந்துலயும் பொறந்த மெட்டு, நம்மாளுங்க வாயில அது ஒக்கார கொஞ்ச நாளாகும். கீர்த்தனைங்கிறது பல்லவி, அனுபல்லவி, சரணம்னு நம்ம ஊர் கட்டு, பாட்டுக்கு மேலயே ராகம் தாளம் போட்டிருக்கும். ஆதி தாளம்னு போட்டிருக்குறதா பாத்து எடுங்க, கை தானா தட்டும். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774ல பொறந்தவரு, அவரு இயேசுவப் பத்தி குறவஞ்சியே பாடியிருக்காரு, குறத்தி வந்து குறி சொல்ற அதே நாடகக் கட்டுல, அப்ப நம்ம தாளம் சபைக்குள்ள வந்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஆறு மாசம் கழிச்சு பாமாலைக்கு வாங்க. அதுல நெறைய மெட்டு நம்ம சங்கராபரணம் ஏறி எறங்குற அதே சுரத்துல நிக்கிறது அப்ப புரியும், அன்னைக்கு சப்புன்னு இருந்தது இப்ப ஆழமா கேக்கும்.

தமிழ் படிக்கத் தெரியாதேன்னு கூச்சப்பட்டு பின் பெஞ்சுல உக்காராதீங்க. 1960கள்ல தனியார் பள்ளிக்கூடங்கள அரசாங்கம் எடுத்துக்கிட்டப்புறம் இங்க நம்ம பிள்ளைங்க பல பேருக்கு தமிழ் வாயில மட்டும்தான் இருக்கு, அது உங்க தப்பில்ல. எனக்கும் அப்ப எழுத்து தெரியாது. பக்கத்துல உக்காந்த ஒரு அக்கா தன்னோட நோட்ட என் பக்கம் நகத்தி வச்சாங்க, பழைய பள்ளிக்கூட நோட்டு, அட்டை கிழிஞ்சு சாக்குத் தையல் போட்டிருந்துச்சு, உள்ள தமிழ்ப் பாட்டு பூரா வட்ட வட்டமா பர்மா எழுத்துல. நம்ம ழ-வ பர்மா எழுத்துல எழுத முடியாது, அதுனால அந்த எடத்துல மட்டும் செவப்பு மையில ஒரு புள்ளி வச்சிருந்தாங்க, நாக்க மடக்குன்னு அர்த்தம். அதே மாதிரி ஒண்ணு நீங்களும் போடுங்க, ஆனா இடது பக்கம் பர்மா எழுத்து வலது பக்கம் தமிழ் எழுத்துன்னு எதிரெதிரா எழுதுங்க, ஒரு வருஷத்துல வலது பக்கத்தப் பாத்தே பாடுவீங்க. நான் எழுத்து கத்துக்கிட்டது அப்படித்தான்.

இங்க இருக்குற கரேன் இனத்து மக்களோட சபை கொயர, அதாவது பாடகர் குழுவ, ஒரு தடவையாவது போயி கேளுங்க. அவங்க நாலு குரல்ல பிரிஞ்சு பாடுறது இந்த நாட்டுக்கே தெரியும், சின்னப் பிள்ளைங்ககூட டோ ரே மீ எழுத்துல எழுதுன நோட்டேஷனப் பாத்து பாடும். அந்த டோவும் நம்ம ச-வும் ஒரே சாதிதான், உங்க குரலுக்கு எங்க சௌகரியமோ அங்க ச வச்சுக்கிற மாதிரி டோவ வச்சுக்கலாம், அதுனால ச ரி க ம கொஞ்சம் தெரிஞ்சவங்க ரெண்டு மாசத்துல பிடிச்சிடலாம். டிசம்பர்ல ராத்திரி கேரல் வர்றப்ப அவங்க கூடவே நாலு வீடு நடந்தீங்கன்னா பேஸ்னா என்ன டெனர்னா என்னன்னு காதே சொல்லிக் குடுத்துடும்.

வீட்டு விஷயம்தான் கஷ்டமானது. எங்கம்மா இன்னைக்கும் முருகன கும்பிடுறவங்க, காலையில அஞ்சரைக்கு முருகன் பாட்டு வச்சாதான் அவங்களுக்கு பொழுது விடியும். மொத வருஷம் நான் அத நிறுத்தச் சொல்லி சண்ட போட்டேன், ரெண்டு பேரும் ஒரு வாரம் பேசல. அப்புறம் எங்க சபை மூப்பர் ஒருத்தர் சொன்னாரு, தம்பி உன் வாய்க்குத்தான் நீ பொறுப்பு, அம்மா வீட்டுல அம்மா பாட்டுக்கு நீ பொறுப்பில்லன்னு. நான் இப்ப அந்தப் பாட்ட வாயில எடுக்குறதில்ல, ஏன்னா பாடுனா அது கும்பிடுறதுதான், எனக்கு அது பொய்யாயிடும். ஆனா காதுல விழுறத தடுக்குறதில்ல, கரண்ட் இல்லாத நாள்ல அம்மா போன்ல வைக்கிறதுக்கு சார்ஜ் போட்டுக் குடுக்குறதே நான்தான்.

அதே மாதிரி கோயில்ல மேளம் அடிச்சவங்களுக்கு ஒண்ணு. நான் காவடிக்கு உறுமி அடிச்சவன். விலகுறதா இருந்தா போன்ல சொல்லாதீங்க, திருவிழாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே நேர்ல போங்க, குழு பெரியவர் கிட்ட காரணத்த நேரா சொல்லுங்க, அவங்க சாமியப் பத்தி ஒரு வார்த்த கொறச்சு பேசாதீங்க, உங்க எடத்துக்கு ஒரு பையன தயார் பண்ணிக் குடுத்துட்டு வாங்க. உறுமியில வளைஞ்ச குச்சிய தோல் மேல தேச்சு அந்த முனகல் சத்தத்த கொண்டாறது ஒரு நாள்ல வராது, நான் அந்தப் பையனுக்கு ஆறு வாரம் சொல்லிக் குடுத்தேன், அதுனால இன்னைக்கும் தெருவுல பாத்தா அவங்க எல்லாரும் என்கிட்ட பேசுறாங்க. தூரத்துல அந்த மேளம் கேட்டா என் காலு இன்னும் ஆடத்தான் செய்யுது. ஆரம்பத்துல அதுக்காக முழங்கால்ல நின்னு அழுதிருக்கேன், அழ வேண்டியதே இல்ல, காலு படிச்ச தாளம் அது, பாவம் இல்ல.

அந்தத் தாளத்த சபைக்கு கொண்டு வரணும்னா பொறுமை வேணும். நான் தப்பு மேளத்த எடுத்துட்டு வந்தப்ப கோயில் வாசன வருதுன்னு பெரியவங்க சொன்னாங்க. 150ஆம் சங்கீதத்துல எக்காளம், வீணை, தம்புரு, யாழ், கைத்தாளம் வரைக்கும் எல்லாம் இருக்குன்னு காட்டலாம், ஆனா வாதாடி ஜெயிக்காதீங்க, அதே கோயில்லேர்ந்து வலியோட வந்தவங்க சபையில இருப்பாங்க, அந்த சத்தம் அவங்கள என்ன பண்ணுதுன்னு நமக்குத் தெரியாது. நாங்க மொதல்ல தெருவுல கிறிஸ்மஸ் கேரலுக்கு மட்டும் அடிச்சோம், ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களே உள்ள கூப்பிட்டாங்க.

மனசு தளர்ந்தா எச்.ஏ.கிருஷ்ணபிள்ளைய நெனச்சுக்கோங்க. திருநெல்வேலி பக்கத்து வைஷ்ணவர், தமிழ்ப் புலவர், 1858ல ஞானஸ்நானம் எடுத்தாரு. அவரு கம்பன தூக்கி எறியல, அந்த விருத்தத்துலயே இரட்சணிய யாத்திரிகம்ங்கிற கிறிஸ்தவக் காவியத்த எழுதுனாரு, ஆழ்வார் பாசுரத்துல ஊறுன உருக்கம் அப்படியே கிறிஸ்து பக்கம் திரும்பிடுச்சு.

மத்ததெல்லாம் சின்ன விஷயம். சினிமா மெட்டுல வரி மாத்துன கிறிஸ்தவப் பாட்டு நெறைய சுத்துது, பர்மாவுல காப்பி தச்சின், அதாவது வெளிநாட்டு மெட்டுல பர்மா வரி போட்ட பாட்டு, கேட்டு பழகுனவங்களுக்கு அது பெருசா தெரியாது, என் கணக்கு என்னன்னா பாடுறப்ப கண்ணுல அந்தப் படத்தோட சீன் வந்தா பாடாதீங்க. ஆபீஸ் நண்பருங்க கேடிவிங்கிற கரோக்கி பாட்டு கடைக்கு கூப்பிட்டா குடிக்காம போக முடியும்னா போங்க, முடியாதுன்னா மூணு மாசம் போகாதீங்க. திஞ்ஜான்ங்கிற பர்மா புதுவருஷ தண்ணித் திருவிழா நாலு நாளும் தெருவே ஸ்பீக்கரா இருக்கும், நெறைய சபைங்க அந்த லீவுல வாலிபர் கேம்ப் வைக்கிறாங்க, மொத வருஷம் அதுக்குப் போயிடுங்க.

கடைசியா, மாசத்துக்கு ஒரு பாட்ட புஸ்தகம் இல்லாம மனப்பாடம் பண்ணுங்க. நம்ம ஊர்ல ஆராதனை நடுவுல கரண்ட் போறது உங்களுக்குத் தெரியும், கீபோர்டு நின்னுடும், மைக் நின்னுடும், சுவத்துல ஓடுற வரியும் போயிடும், ஜெனரேட்டர் போட ஒருத்தர் எந்திரிச்சு ஓடுவாரு. அந்த அஞ்சு நிமிஷம் பாட்டு நிக்காம போகணும்னா யாராவது நாலு பேருக்கு மூணாவது சரணம் தெரிஞ்சிருக்கணும். பல்லவி எல்லாருக்கும் தெரியும், அதுனால மனப்பாடத்த மூணாவது சரணத்துலேர்ந்து ஆரம்பிங்க.