தியானக் கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆவியானவர் ஏவட்டும், எழுதுகிறேன்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் சபைப் பத்திரிகைக்கு எழுத ஆசைப்படுகிறவர்கள் செய்கிற பெரிய தவறு. லூக்கா தன் சுவிசேஷத்தின் முதல் நான்கு வசனங்களிலேயே தான் எழுதிய விதத்தைச் சொல்லிவிடுகிறார். கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் விசாரித்தறிந்து, ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறார். ஏவப்பட்டவருக்கே அவ்வளவு உழைப்பு இருந்தது. எனவே வாரத்தில் இரண்டு நாள், காலை ஜெபத்துக்குப் பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒன்றும் தோன்றாத நாளில், அன்று வாசித்த வேதப்பகுதியை உங்கள் சொந்த நடையில் ஐந்து வரியில் எழுதிவைத்தால் போதும். பிறகு ஒரு நாள் அதிலிருந்தே கட்டுரை பிறக்கும்.

வசனத்தைத் தனியாகப் பிய்த்தெடுப்பது இன்னொரு தவறு. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்ற பிலிப்பியர் 4:13, பரீட்சை வெற்றிக்கும் வியாபாரப் பெருக்கத்துக்கும் ஓயாமல் எடுத்தாளப்படுகிறது. முந்தின இரண்டு வசனங்களைப் பாருங்கள். காவலில் இருக்கும் பவுல், வயிறு நிறைந்தாலும் பட்டினி கிடந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். வாக்குத்தத்த அட்டைகளில் வரும், நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11-க்கு முந்தின வசனத்திலோ பாபிலோனில் சிறையிருப்பில் கழிக்க வேண்டிய 70 வருஷம் இருக்கிறது. அந்த எழுபதை மறைத்துவிட்டால், வருஷக்கணக்கில் காத்திருக்கும் வாசகருக்குக் கிடைக்க வேண்டிய ஆறுதலும் போய்விடும். எடுத்த வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வசனங்களையாவது வாசிக்காமல் முதல் வரியை எழுதாதீர்கள்.

பிரசங்கத்தில் கேட்டதை நினைவிலிருந்து அப்படியே எழுதுவதும் ஆபத்து. மகதலேனா மரியாளை விபசாரி என்று நான்கு சுவிசேஷங்களில் எதுவும் சொல்லவில்லை. ஏழு பிசாசுகள் அவளை விட்டு நீங்கின என்றுதான் லூக்கா 8:2 சொல்கிறது. தமஸ்கு வழியில் பவுல் குதிரையிலிருந்து விழவில்லை. அப்போஸ்தலர் 9-ல் குதிரையே கிடையாது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை. இப்படி ஒரு பிழை கண்ணில் பட்டால், கட்டுரையின் மற்ற வரிகளையும் வாசகர் சந்தேகத்தோடுதான் படிப்பார்.

நடைக்கு வருவோம். "தேவ கிருபையால் ஆவிக்குரிய வல்லமை பெற்று ஜெயஜீவியம் செய்வோமாக" என்பது காதுக்குப் பழகிய வாக்கியம். ஆனால் மருத்துவமனை வராந்தாவில் தாய்க்காகக் காத்திருக்கும் ஒருவர் அதைப் படித்துவிட்டு என்ன செய்வார்? "இன்றிரவு ஜெபிக்க வார்த்தை வராவிட்டால், 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், அதில் ஆறு வசனங்களே உண்டு" என்று எழுதினால் அவர் பைபிளைத் திறப்பார். ஒரு பக்கத் தியானத்துக்கு 350 முதல் 400 சொற்கள், ஒரு வேதப்பகுதி, ஒரே கருத்து போதும். ஏழெட்டு வசனங்களை அடுக்கினால் ஒன்றும் மனதில் தங்காது. பைபிளின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பையும் ஒரே கட்டுரையில் கலக்காதீர்கள்.

பிறருடைய சாட்சியை எழுதும்போது அனுமதி கேட்பது கட்டாயம். நோய், கடன், குடும்பச் சண்டை, மதம் மாறியது போன்ற விவரங்கள் அச்சில் வந்தால் சம்பந்தப்பட்டவர் வீட்டிலும் வேலையிலும் அதன் விளைவைச் சுமக்க வேண்டியிருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ஊர், தொழில், சபை மூன்றும் அப்படியே இருந்தால் ஆள் தெரிந்துவிடும். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

கட்டுரை திரும்பி வந்ததும் எழுதுவதையே நிறுத்திவிடுகிறவர்கள் எரேமியா 36-ஐ வாசிக்க வேண்டும். எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தர் எழுதிய சுருளில் மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் யோயாக்கீம் ராஜா அதைக் கத்தியால் அறுத்துக் கணப்பு நெருப்பில் போட்டான். எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு வேறொரு சுருளில் எழுதினான். முந்தினதில் இல்லாத வார்த்தைகளும் அதில் சேர்ந்தன. திரும்பி வந்ததை இரண்டு வாரம் மூடிவையுங்கள். பிறகு உரக்க வாசித்து, நாக்கு தடுமாறும் இடங்களைத் திருத்தி, விட்டுப்போனதைச் சேர்த்து வேறொரு பத்திரிகைக்கு அனுப்புங்கள். கிறிஸ்துமஸ் இதழுக்கானது என்றால் செப்டம்பரிலேயே அனுப்பிவிடுவது நல்லது.