மினியேச்சர் எஃகு ஆலைக்கு ஷண்டிங் இன்ஜின் தயார் செய்வது எப்படி?

ஊதுலை, உருட்டாலை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, கடையில் வாங்கிய மாதிரி ரயில் இன்ஜினை அப்படியே பளபளவென்று தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. ஆலையின் ஷண்டிங் இன்ஜின் செட்டிநாடு ஸ்டேஷனைத் தாண்டித் திருச்சிக்குப் போகிற இன்ஜின் மாதிரி இல்லை. 1,400 டிகிரி செல்சியஸ் அளவில் தகிக்கும் இரும்புக் குழம்பு வண்டிகளைத் தள்ளிக்கொண்டு ஒரே வளாகத்துக்குள் சுற்றுவது. நாம் செய்யும் எந்த மாற்றத்துக்கும் அந்த வேலையில் ஒரு காரணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

இன்ஜினைத் தேர்ந்தெடுத்தல்

நம் நாட்டு எஃகு ஆலைகள் பலவற்றில் ஓடுவது டபிள்யூ.டி.எஸ்-6 என்ற டீசல் இன்ஜின், அதற்கு ஆறு அச்சு. கற்றுக்கொள்ள அமெரிக்க எஸ்.டபிள்யூ.1200 வகை வசதி. 1954 முதல் 1966 வரை தயாரான 1,200 குதிரைத்திறன் இன்ஜின் அது. நான்கே அச்சு, குட்டை உடம்பு என்பதால் நெருக்கமான வளைவிலும் திரும்பும். எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவில் (அசலில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ.) வாங்குங்கள். வாங்கியதும் பெயின்ட் டப்பாவைத் தேடாமல், முதலில் சில நாள் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கூட்டைக் கழற்றி வேலை செய்த இன்ஜினைக் கடைக்காரர் திரும்ப வாங்கமாட்டார்.

பழைய பெயின்டை எடுத்தல்

மேல்கூட்டை மட்டும் கழற்றி, மூடி போட்ட பாத்திரத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவையுங்கள். அடுப்புப் பக்கம் வேண்டாம். பெயின்ட் இளகியதும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள்.

ஆலைக்கேற்ற மாற்றங்கள்

வெப்பம் படும் பக்கத்து ஜன்னல் ஒன்றிரண்டை அடைத்துவிடலாம். காலாவதியான பிளாஸ்டிக் அடையாள அட்டை 0.76 மி.மீ. தடிமன், வெளியே ஒட்டினால் புடைப்பாகத் தெரியும். ஜன்னல் அளவுக்கு வெட்டி உள்ளே பொருத்துங்கள்.

கைப்பிடிக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பி. 87-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 35 மி.மீ., அசல் கைப்பிடிக் குழாயின் பருமன். மோட்டாரில் சுற்றும் செம்புக் கம்பி எளிதில் கிடைக்கும்தான், ஆனால் விரல் பட்டாலே வளைந்துவிடும்.

கூரையில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு வைத்தால் தனிக் களை. சாதாரண 12 வோல்ட் டி.சி. ஓட்டத்தில் எல்.இ.டி.யோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4148 டயோடு ஒன்றையும் வரிசையாகச் சேருங்கள். இன்ஜின் பின்னால் போகும்போது மின்சாரம் எதிர்த்திசையில் பாயும்; டயோடு இல்லாவிட்டால் எல்.இ.டி. போய்விடும்.

பெயின்ட்

வாகன ஸ்பிரே சில பிளாஸ்டிக்கை அரித்துவிடும். கூட்டின் உள்பக்கம் துளி அடித்துச் சோதித்த பிறகே வெளியே. பிரைமர், அப்புறம் முழுக்க மஞ்சள். காய்ந்ததும் முன்னும் பின்னும் சாய்கோடுகளாக மாஸ்கிங் டேப் ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டுக் கறுப்பு. வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. இதை மாற்றினால் மஞ்சள் எடுபடாது.

நம் பக்கத்து உச்சி வெயிலில் பெயின்ட் கூட்டில் படும் முன்பே காற்றில் காய்ந்து சொரசொரப்பாக ஒட்டும். ஐப்பசி மழையிலோ கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு வெளுத்துப் போகும். மழையில்லாத நாளின் காலை நேரம் நல்லது. வளவில் அடிப்பதானால் பேப்பரைத் தாராளமாக விரியுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டு விழுந்தாலும் அப்பத்தாவுக்குப் பதில் சொல்லவேண்டியது நீங்கள்தான்.

அழுக்கு

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். 1953 முதல் துருவைத் தடுக்க வழி தேடும் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு, நாம் துருவை மெனக்கெட்டு உண்டாக்குகிறோம்!

ஆனால் துருவை அள்ளிப் பூசாதீர்கள். பெயின்ட் உரியும் படி ஓரங்களில் மட்டும் போதும்; கை பட்டுத் தேயும் கைப்பிடியில் வேண்டாம். உடம்பெல்லாம் படிவது இரும்புத்தாதுத் தூசி. அதற்கு நம் செம்மண்ணே பொருந்தும். துணியில் சலித்து, காகிதத்தில் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். இரும்புத் துகள் மிச்சம் இருந்தால் மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இரும்புக் குழம்பு ஆறும்போது அதில் மிஞ்சிய கார்பன் கிராஃபைட் செதிலாகப் பிரிந்து பறக்கும். ஆலைக் கூரைகளில் மினுக்கும் சாம்பல் நிறம் அதுதான். பென்சில் கரியும் கிராஃபைட் கலந்ததே. சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் கூரையில் தடவுங்கள். அது மின்சாரம் கடத்தும். விளக்கு ஒயர் பக்கம் சிந்தக்கூடாது. புகைப்போக்கியைச் சுற்றி அடுப்புக்கரித் தூள். எல்லாம் ஆனதும் மேட் கோட் என்ற பளபளப்பில்லாத மேல்பூச்சு, தூரத்திலிருந்து மெல்லிசாக.

ஓட்டும் முன்

சக்கர விளிம்பில் படிந்ததை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குழம்பு வண்டியை இன்ஜினோடு நேராகக் கோக்காமல், நடுவே ஒரு காலித் தட்டு வண்டியை விடுங்கள். வெப்பம் இன்ஜினை எட்டாமலிருக்க அசல் ஆலைகளிலும் இப்படி இடைவெளி விடுவதுண்டு.